சுகருக்குப் பேரு மாத்தினா சுகர் குறையுமா?

மூணு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். லாரி டிரான்ஸ்போர்ட் கணக்கு எழுதுறவனுக்கு வருஷக் கடைசி எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். எழுதத்தான் நேரம் இல்லையே தவிர, உங்க பதிவுகளை எல்லாம் படிச்சுக்கிட்டேதான் இருந்தேன். முக்கியமா சமையல் பதிவுகள். படிக்கப் படிக்க ஒரு வயித்தெரிச்சல் சேர்ந்துபோச்சு. அதை இன்னிக்கு இறக்கி வெச்சிடறேன். இனிப்பு பத்தின பதிவுதான், ஆனா கொஞ்சம் காரமா இருக்கும். பொறுத்துக்குங்க மக்களே.

மேட்டர் இதுதான். நாட்டுச்சர்க்கரை கேக், கருப்பட்டி அல்வா, தேன் பிஸ்கட், பேரீச்சம்பழ லட்டு, தேங்காய்ச் சர்க்கரை பிரவுனி. ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் படம் போடறீங்க, பார்க்கவே நாக்குல தண்ணி ஊறுது. அது வரைக்கும் சந்தோஷம். கடைசியா ஒரு வரி வருது பாருங்க: "வெள்ளைச் சர்க்கரை சேர்க்காததால் சுகர் உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்."

அந்த 'தாராளமாக'ங்கிற வார்த்தை மேலதான் எனக்குக் கோவம். மத்தபடி உங்க அல்வா மேல எனக்கு எந்த விரோதமும் இல்லை :-)

ஏன் இவ்வளவு கோவம்னா, நான் இருக்கறது புழல். இந்தப் பக்கம் செங்குன்றம் அரிசி மண்டி, அந்தப் பக்கம் மாதவரம் லாரி, கொஞ்சம் தள்ளினா மணலி கம்பெனிகள், எண்ணூர், திருவொற்றியூர். மூட்டை தூக்கறவங்க, வண்டி ஓட்டறவங்க, ஷிப்ட் வேலைக்காரங்க. வேளைக்குச் சாப்பாடு கிடையாது, வேளைக்குத் தூக்கம் கிடையாது. வீட்டுக்கு ஒருத்தருக்குச் சுகர் இருக்கு எங்க தெருவுல. கால்ல சின்னப் புண்ணு வந்து, ஆறாம, விரலை எடுத்தவங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிடற தூரத்துலயே பார்த்திருக்கேன். அவங்க பிள்ளைங்க கையில இப்ப மொபைல் இருக்கு. அம்மாவுக்கு நல்லது பண்ணணும்னு தேடறாங்க. தேடினா வந்து நிக்கறது உங்க கடைசி வரி.

வடசென்னைக்கும் இந்த நோய்க்கும் பழைய சம்பந்தம். மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்துல இந்த நோய்க்குன்னே ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். இந்தியாவுல நீரிழிவு மருத்துவத்துக்கு அவரைத்தான் தந்தைன்னு சொல்றாங்க. அப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, எழுபது வருஷம் கழிச்சு, "கருப்பட்டி போட்டா ஏறாது"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கோம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டுல சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்னு சொல்லுது. அதுக்கு முந்தின படிக்கட்டுல நிக்கறவங்க இன்னொரு 13 கோடிக்கு மேல. உங்க பதிவைப் படிக்கிறவங்கள்ல எத்தனை பேர் இதுல இருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

முதல்ல இந்தப் பேர் விவகாரம்

எங்க ஆயா வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா'ன்னுதான் சொல்லும். சென்னைப் பழைய ஆளுங்களுக்கு இந்த வார்த்தை தெரிஞ்சிருக்கும். அஸ்காங்கறது ஒரு ஊரு. கஞ்சம் மாவட்டத்துல இருக்கு, 1936-ல் ஒடிசா பிரிஞ்சு போற வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல இருந்துச்சு. அங்க ஒரு சர்க்கரை ஆலை. அங்கிருந்து வந்த சரக்குக்கு ஊர்ப் பேரே பேராயிடுச்சு. தெற்கத்திக்காரங்களுக்கு அது 'சீனி'. அவங்க 'சர்க்கரை'ன்னு சொன்னா பழுப்பா இருக்கற நாட்டுச்சர்க்கரை. சென்னைக்காரன் 'சர்க்கரை'ன்னா வெள்ளை. ஆக ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பேரு.

நோய்க்கு நம்ம பழைய பேரு நீரிழிவு. அந்தப் பேர்ல சர்க்கரையே கிடையாது. ஈழத்துக்காரங்க சலரோகம்னு சொல்வாங்க, அதுலயும் கிடையாது. அப்புறம்தான் 'சர்க்கரை வியாதி', அப்புறம் வெறும் 'சுகர்'. "அவருக்குச் சுகர் இருக்கு." இப்படிப் பேசிப் பேசி மனசுல ஒரு படம் விழுந்துடுச்சு: அந்த வெள்ளைப் பொடிதான் நோய். அதை டப்பாவுல இருந்து எடுத்துட்டா நோய் போச்சு. அந்த இடத்துல எதை வெச்சாலும், அதுக்கு 'சுகர்'னு பேர் இல்லாத வரைக்கும், அது மருந்து. கடைக்காரர் வேலை இதனால ரொம்பச் சுலபமாயிடுச்சு.

ரத்தத்துக்குப் பேர் தெரியாது அண்ணே. உள்ள என்ன போகுது, எவ்வளவு போகுது, எவ்வளவு வேகமா போகுது. அதுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

கருப்பட்டிக்குள்ள என்ன இருக்கு?

பனை ஏறி, பாளை சீவி, பானை கட்டறாங்க. பானைக்குள்ள சுண்ணாம்பு தடவறாங்க. எதுக்கு? தடவலேன்னா சாறு புளிச்சு கள்ளாயிடும். புளிக்கறதுன்னா, சாறுல இருக்கற சர்க்கரையை ஈஸ்ட் தின்னு சாராயமா மாத்தறது. அதைத் தடுத்துச் சர்க்கரையைச் சர்க்கரையாவே காப்பாத்தத்தான் சுண்ணாம்பு. பதநீர்ல இனிக்கற அந்தப் பொருள் சுக்ரோஸ். கரும்புல இனிக்கறதும் சுக்ரோஸ். அஸ்கா, ஏறக்குறைய முழுக்கவே சுக்ரோஸ். பதநீரைக் காய்ச்சினா கருப்பட்டி, கரும்புச்சாறைக் காய்ச்சினா வெல்லம், அதையே கட்டியாக்காம உதிர்த்தா நாட்டுச்சர்க்கரை. தண்ணியைத்தான் வெளியேத்தறோம், சர்க்கரையை வெளியேத்தல.

வெல்லத்தை எடுத்துக்கிட்டா, எடையில ஏறக்குறைய 85-லிருந்து 90 சதம் சர்க்கரைதான். பெரும்பகுதி சுக்ரோஸ், கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். மீதி ஈரமும் தாது உப்பும். அதாவது பத்து கிராம் அஸ்காவுக்குப் பதிலா பத்து கிராம் வெல்லம் போட்டா, ஒரு கிராமோ ஒன்றரை கிராமோ சர்க்கரை குறையும். இனிப்பு பத்தலேன்னு அரை ஸ்பூன் சேர்த்துப் போட்டீங்கன்னா அந்தக் கணக்கும் போச்சு.

தேன்? அஞ்சுல ஒரு பங்கு தண்ணி, மீதி ஏறக்குறைய முழுக்க குளுக்கோஸ், ஃபிரக்டோஸ். பேரீச்சம்பழம்? எடையில அறுபது, எழுபது சதம் சர்க்கரை. நார்ச்சத்து இருக்கு, ஒத்துக்கறேன். முழுப் பழமா ஒண்ணு ரெண்டு தின்னா அது வேற. அரைக்கிலோவை மிக்ஸியில அரைச்சு, முந்திரி சேர்த்து, நெய் விட்டு, லட்டு பிடிச்சு, "நோ சுகர்"னு தலைப்பு வைக்கறது வேற.

"ஆனா..."ன்னு வர்றவங்களுக்கு

வழக்கமா நாலு 'ஆனா' வரும். வரிசையாப் பார்த்துடுவோம்.

ஒண்ணு: "ஆனா அதுல இரும்புச்சத்து இருக்கே." இருக்கு. நூறு கிராம் வெல்லத்துல சில மில்லிகிராம். நீங்க காப்பியில போடறது பத்து கிராம். அதுல பத்துல ஒரு பங்குதான் வரும். இரும்பு வேணும்னா கீரை, பயறு, ஈரல்னு வேற வழி இருக்கு. சர்க்கரை நோயாளியை இரும்புக்காக வெல்லம் தின்னச் சொல்றது, தண்ணி குடிக்கறதுக்காக ஏரியில குதிக்கச் சொல்ற மாதிரி.

ரெண்டு: "ஆனா கிளைசெமிக் இண்டெக்ஸ் கம்மியாம்." அஸ்காவோட இண்டெக்ஸே 65 வாக்குலதான். ஏன்னா அதுல பாதி ஃபிரக்டோஸ். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்னு மேலயே பார்த்தோம். ஒரே பொருள் வேற நிறத்துல வந்தா வயித்துக்குள்ள வேற மாதிரி நடந்துக்கும்னு எதிர்பார்க்க முடியாது. அப்படியே கொஞ்சம் கம்மின்னு வெச்சுக்குவோம். இண்டெக்ஸ் வேகத்தைச் சொல்லுது, அளவைச் சொல்லாது. மெதுவா போற வண்டியில நாலு லோடு ஏத்தினா, ஊருக்கு நாலு லோடு வந்து சேரத்தான் செய்யும்.

மூணு: "ஆனா நம்ம தாத்தா பாட்டி இதைத்தானே சாப்பிட்டாங்க." ஆமா. எவ்வளவு சாப்பிட்டாங்க? எப்ப சாப்பிட்டாங்க? அதிரசம் தீபாவளிக்கு, பொங்கல் பொங்கலுக்கு. புழல் முகாம்ல இருக்கற ஒரு ஈழத்துப் பாட்டி இன்னிக்கும் பனங்கட்டியை வெறும் தேத்தண்ணியோட எப்படிச் சாப்பிடுவாங்க தெரியுமா? துண்டைக் கடிச்சுக்கிட்டு, தேத்தண்ணியை உறிஞ்சுவாங்க. சுண்டுவிரல் நக அளவுத் துண்டு ஒரு கோப்பைக்குப் போதும். நாம தாத்தா பாட்டி சாமானை மட்டும் எடுத்துக்கிட்டு, அவங்க அளவையும் அவங்க நடந்த நடையையும் விட்டுட்டோம்.

நாலு: "ஆனா வெள்ளைச் சர்க்கரையில கெமிக்கல்." கந்தகப் புகை காட்டித்தான் நம்மூர் ஆலைச் சர்க்கரையை வெளுக்கறாங்க, உண்மை. வெல்லம் பளிச்சுனு மஞ்சளா இருக்கணும்னு காய்ச்சற இடத்துல 'ஹைட்ராஸ்' போடறதும் உண்மை. அதுவும் கந்தகச் சரக்குதான். இன்னொரு வேடிக்கை: வெல்லத்துலயும் கருப்பட்டியிலயும் அஸ்காவைக் கலந்து காய்ச்சறது பெரிய தொழிலாவே நடக்குது, உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்க பிடிக்கறதும் அடிக்கடி செய்தியில வருது. ரேஷன்ல கிலோ 25 ரூபாய்க்குக் கிடைக்கற பொருளை, நிறம் மாத்தி, பல மடங்கு விலை கொடுத்து வாங்கறோம். அதை வாங்கறது யாரு? காலு போயிடுமோன்னு பயந்த வீடு.

இதுக்காகக் கருப்பட்டியே வேணாம்னு நான் சொல்லல. உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி மாதிரி ஒண்ணு உலகத்துல கிடையாது. பனை ஏறறவங்க பிழைப்பும் நடக்கணும். ருசிக்காக வாங்குங்க, பனைக்காக வாங்குங்க. மருந்துன்னு மட்டும் விக்காதீங்க.

எங்க பெரியம்மா கதை இது. பத்து வருஷமா சுகர். மாத்திரையில கட்டுக்குள்ள இருந்துச்சு. யாரோ சொல்லி நாட்டுச்சர்க்கரைக்கு மாறினாங்க. அஸ்கா இருந்த வரைக்கும் பயம் இருந்துச்சு, காலையில ஒரு காப்பி, அதுவும் அரைச் சர்க்கரை. மாறின உடனே பயம் போச்சு. நாளைக்கு நாலு காப்பி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் அஞ்சு கிராம்னு வெச்சா நாற்பது கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, நோயே இல்லாத ஆளுக்கே நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லது. அதுல தேனும் சேர்த்தி, வெல்லமும் சேர்த்தி. மூணு மாசச் சராசரி டெஸ்ட்டுல பெரியம்மாவுக்கு ஏழு சொச்சம் ஒன்பதுக்குத் தாண்டிடுச்சு. ஏத்தினது அந்தத் தைரியம்தான். அந்தத் தைரியத்தைத்தான் உங்க 'தாராளமாக' விக்குது.

இன்னொரு கோஷ்டி: எல்லாத்துலயும் மாத்திரை

இவங்க நேர் எதிர்ப்பக்கம். சுக்ரலோஸ் பாட்டிலை வாங்கி, அதிரசத்துலேர்ந்து அன்னாசிப்பழ கேக் வரைக்கும் தட்டறாங்க. இன்னொரு பக்கம் "அது கேன்சர்"னு வாட்ஸப்புல அலறல். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் நிதானமாப் பேசலாம்.

வரலாறு சுவாரஸ்யமானது. 1879-ல் ஃபால்பெர்க்ங்கற ஆள் கையைச் சரியாக் கழுவாம சாப்பிட உட்கார்ந்ததுல சாக்ரின் கிடைச்சுது. 1965-ல் ஷ்லாட்டர் காகிதம் புரட்ட விரலை நக்கினதுல அஸ்பார்டேம். 1976-ல் லண்டன்ல நம்ம நாட்டு மாணவர் சசிகாந்த் ஃபட்னிஸ், பேராசிரியர் 'டெஸ்ட்' பண்ணச் சொன்னதை 'டேஸ்ட்'னு காதுல வாங்கி வாயில போட்டதுல சுக்ரலோஸ். ஆக, லேப்ல கை கழுவாததாலயும் காது கேக்காததாலயும் வளர்ந்த துறை இது :-)

சாக்ரின் சர்க்கரையை விட முந்நூறு மடங்குக்கு மேல, அஸ்பார்டேம் இருநூறு மடங்கு, சுக்ரலோஸ் அறுநூறு மடங்கு இனிப்பு. ஊசி முனையளவு போதும்ங்கறதால ரத்தத்துல சர்க்கரை ஏறாது. இது உண்மை.

கேன்சர் விஷயம்: 2023 ஜூலையில உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை 'வாய்ப்பு இருக்கலாம்' பட்டியல்ல சேர்த்துச்சு. அதே நாள்ல உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு, பழைய அளவை மாத்த வேண்டியதில்லைன்னு சொல்லுச்சு. அந்த அளவு, உடம்பு எடையில கிலோவுக்கு 40 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 2400 மில்லிகிராம். ஒரு சின்ன மாத்திரையில 20 மில்லிகிராம் வாக்குல இருக்கும். நூறு மாத்திரைக்கு மேல தினம் போட்டாத்தான் எல்லை. அந்த அளவுக்குக் காப்பி குடிக்கறவருக்கு வேற டாக்டரைப் பார்க்கணும்.

அதே 2023 மே மாசம், உடம்பு இளைக்கறதுக்காக இந்த இனிப்பூட்டிகளை நம்பாதீங்கன்னும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. அந்த அறிவுரை ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு இல்லைன்னு அதுலயே தெளிவா எழுதியிருக்கு. அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்றதில்லை.

அடுப்பு விஷயம் வேற. அஸ்பார்டேம் கொதிச்சா உடைஞ்சுபோகும், இனிப்பே இருக்காது. இறக்கி வெச்ச அப்புறம் போடணும். சுக்ரலோஸ் அடுப்புக்குத் தாங்கும்னுதான் விக்கறாங்க. ஆனா ஜெர்மனி அரசோட இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல், 120 டிகிரிக்கு மேல சூடாக்கினா குளோரின் சேர்ந்த வேண்டாத பொருட்கள் உண்டாகலாம், முழு விவரம் வர்ற வரைக்கும் வறுக்கறது பேக் பண்றதுல சேர்க்காம, செஞ்சு முடிச்சுச் சேருங்கன்னு சொல்லியிருக்கு. நம்ம கேக் வேகறது 180 டிகிரியில. ஸ்டீவியா, அதான் சீனித்துளசி, சூடு தாங்கும். ஆனா கடைசியில லேசா ஒரு கசப்பு நிக்கும். ஏலக்காயும் எலுமிச்சையும் அதை ஓரளவு மறைக்கும்.

சர்க்கரை வெறும் இனிப்புக்கு மட்டுமா?

இங்கதான் ரெண்டு கோஷ்டியும் கோட்டை விடறாங்க. சமையல்ல சர்க்கரைக்கு ரெண்டு வேலை. ஒண்ணு இனிக்கறது. இன்னொண்ணு உடம்பைக் கொடுக்கறது. கம்பிப் பதம், உருட்டுப் பதம்னு நாம சொல்றோமே, அது சர்க்கரையோட உடம்பு. அறுநூறு மடங்கு இனிப்பு இருந்தாலும் சுக்ரலோஸ்ல பாகு காய்ச்ச முடியாது. கேக்ல வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைத் துகள்தான் காத்தைப் பிடிச்சு வைக்குது. ஈரத்தைக் காப்பாத்தி, மேல பொன்னிறம் கொடுக்கறதும் அதுதான். அதை எடுத்துட்டு நாலு சொட்டு பாட்டில் விட்டா, வெளுத்துப்போன ஒரு தட்டை வரும். மறுநாள் அதை வெச்சு ஆணி அடிக்கலாம்.

அதனால என் கணக்கு ரொம்ப எளிசு.

இனிப்பு மட்டுமே வேணும்ங்கற இடம்: காப்பி, டீ, பால், எலுமிச்சை ஜூஸ், சேமியா பாயசம். இங்க மாத்திரையோ சீனித்துளசியோ போடலாம். பாயசத்தை இறக்கின அப்புறம் போடுங்க.

பாதிப் பாதி இடம்: கேக், பிஸ்கட். எழுதியிருக்கற சர்க்கரையில கால் பங்கைக் கண்ணை மூடிக்கிட்டுக் குறைக்கலாம், பெரும்பாலான கேக்குக்கு ஒண்ணும் ஆகாது. எரித்ரிட்டால் மாதிரி சரக்கு உடம்பு கொடுக்கும், சர்க்கரையில முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவா இனிக்கும், வாயில ஜில்லுனு இருக்கும், ஆறினா நறநறங்கும். 2023-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, ரத்தத்துல எரித்ரிட்டால் அதிகம் இருந்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் வந்ததாச் சொல்லுது. இதுதான் காரணம்னு அது நிரூபிக்கல. ஆனா இதய நோய் உள்ள வீட்டுல கிலோ கணக்குல கொட்ட வேணாம்.

தொடக்கூடாத இடம்: அதிரசம், மைசூர்பாகு, கடலை உருண்டை. கேசரியும் சேர்த்திதான், சர்க்கரை போட்டதும் இளகி வருதே அதுதான் கேசரி, இல்லேன்னா அது இனிப்பு உப்புமா. இதை எல்லாம் ஒழுங்கா, அசல் சாமான் போட்டுப் பண்ணுங்க. சின்னதாப் பண்ணுங்க. சுகர் உள்ளவங்க டாக்டர் சொன்ன அளவுக்குள்ள ஒரு வாய் சாப்பிடட்டும், அன்னிக்குச் சோத்தைக் குறைச்சுக்கட்டும். பொய்யான பத்து அதிரசத்துக்கு உண்மையான அரை அதிரசம் மேல்.

டப்பாவைத் திருப்பிப் படிங்க

கடையில "சுகர் ஃப்ரீ"ன்னு எழுதணும்னா நூறு கிராம்ல அரை கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கக் கூடாதுன்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. நல்ல விதி. ஆனா அதுல சர்க்கரைன்னா சின்னச் சின்னச் சர்க்கரைகள் மட்டும்தான் கணக்கு. மைதா கணக்குல வராது. மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒரு மாவு இருக்கு, "ஒரு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன்"னு விக்கற பொடிகள் சிலதுல எடைக்காகக் கலக்கறது. அதுவும் பெரும்பாலும் இந்தக் கணக்குல வராது. உள்ள போனா குளுக்கோஸ் மாதிரியே வேகமா ஏறும். "சேர்த்த சர்க்கரை இல்லை"ங்கறது இன்னொரு வித்தை, பழச்சாறுல இயற்கையாவே இருக்கறதைப் பத்தி அது வாயே திறக்காது. முன்பக்கம் எழுதறது விளம்பரக்காரர். பின்பக்கம் 'மொத்தக் கார்போஹைட்ரேட்'னு ஒரு வரி இருக்கும். அதைப் படிங்க.

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம்

எங்க தெருவுல ஒரு அண்ணன், செங்குன்றத்துல மூட்டை தூக்கறவர். ஒருநாள் மாத்திரையைப் போட்டுட்டு, சாப்பிடாம ரெண்டு லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வந்தார். வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, பேச்சு குழறுது. லோ சுகர். மக போன மாசம்தான் பாசத்துல வீட்டுல இருந்த சர்க்கரையை எல்லாம் எடுத்துட்டு இனிப்பு மாத்திரை டப்பா வாங்கி வெச்சிருந்துச்சு. அண்ணி பதட்டத்துல அந்த மாத்திரையை நாலு கரைச்சுக் கொடுத்துட்டாங்க. ஒண்ணும் நடக்கல. எப்படி நடக்கும்? ரத்தத்துல ஏறாதுன்னுதானே அதை வாங்கினாங்க! பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, அவங்க வீட்டுல இருந்த கருப்பட்டியை நுணுக்கிக் கரைச்சுக் கொடுத்தாங்க. கால் மணி நேரத்துல அண்ணன் எழுந்து உட்கார்ந்துட்டார்.

இப்ப சொல்லுங்க மக்களே. கருப்பட்டி சுகரை ஏத்தாதுன்னா, அண்ணன் எப்படி எழுந்தார்?

அதனால மாத்திரை போடறவங்க, இன்சுலின் போடறவங்க இருக்கற வீட்டுல குளுக்கோஸ் பொடியோ அஸ்காவோ கட்டாயம் இருக்கணும். லோ ஆனா மூணு ஸ்பூன் தண்ணியில கரைச்சு உடனே கொடுக்கணும். வோக்லிபோஸ், அகார்போஸ் வகை மாத்திரை போடறவங்களுக்குச் சர்க்கரை உடையவே லேட்டாகும், அவங்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் சரி. நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. "இனி எங்க வீட்டில் சர்க்கரையே கிடையாது"ன்னு பெருமையா எழுதறவங்க இந்தப் பத்தியை ரெண்டு தரம் படிங்க.

சமையல் பதிவு எழுதற அக்காங்க, அண்ணன்மாருங்க கிட்ட என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. குறிப்பை எடுக்க வேணாம், படத்தை எடுக்க வேணாம். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா, இத்தனை துண்டு வரும், மொத்தம் இவ்வளவு சர்க்கரை அல்லது வெல்லம் போட்டேன், ஒரு துண்டுக்கு இத்தனை கிராம்னு எழுதுங்க. ஒரு வகுத்தல் கணக்குதான். சந்தேகம் இருந்தா, வீட்டுல மெஷின் வெச்சிருக்கறவங்க, அவங்க டாக்டர் கிட்ட கேட்டுட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடியும் ரெண்டு மணி நேரம் கழிச்சும் குத்திப் பார்க்கட்டும். உங்க பதிவை விட, என் பதிவை விட, அந்த மெஷின் காட்டற நம்பர் நேர்மையானது.

2021-லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டு வாசல்லயே வந்து சுகர் மாத்திரை கொடுத்துட்டுப் போறாங்க. அரசாங்கம் வாசல்ல கொடுக்கற மாத்திரையை, நாம அடுப்படியில ஒரு வரி எழுதித் தோக்கடிக்கக் கூடாது. அவ்வளவுதான் சொல்ல வந்தது.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, கணக்குப்பிள்ளை. உங்க மருந்து, உங்க அளவு எல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான்.

டிஸ்கி 2: இது எந்தப் பதிவரையும் குறி வெச்சு எழுதினது இல்லை. உள்குத்து எதுவும் கிடையாது, எல்லாமே வெளிக்குத்துதான். மாத்துக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, கணக்கோட வந்து கும்முங்க.